விசில் ஊதிய டிரம்

பச்சிங்கோ சூதாட்ட எந்திரங்கள் கத்தும் பாட்டுகளைக் கணினியில் கோத்துக் கொடுப்பதுதான் ஜப்பானின் நாகோயாவில் மிசாவோவின் பிழைப்பு. புது சிந்தசைசரின் கையேட்டைப் பார்த்து, எந்தக் கட்டைக்கு எந்த டிரம் என்று நாள் முழுக்க டிரம் மேப் போட்டாள். ஓடவிட்டால், பேஸ் டிரம் இடிக்க வேண்டிய இடத்தில் விசில் ஊதியது.

"நான் கேட்டது டிரம்முடா, டிராஃபிக் போலீஸ் இல்ல!" என்று சிந்தசைசரைத் திட்டினாள்.

"இந்தக் கூத்தைக் கேளுங்க" என்று கடுப்பில் அந்த விசில் பாட்டை மேலாளர் ஹோட்டாவுக்கே அனுப்பினாள். பிறகுதான் புரிந்தது: கையேடு நான்காம் ஸ்தாயி என்பதை மென்பொருள் மூன்றாம் ஸ்தாயி என்கிறது. எல்லா டிரம்மும் ஒரு ஸ்தாயி தள்ளி உட்கார்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேப்பை அழித்து, முதலிலிருந்து சரியாகப் போட்டு அனுப்பினாள்.

ஹோட்டா போன் செய்தார். "மிசாவோ சான், அந்த விசில் எங்க? அதுதாங்க பாட்டே! பழையபடியே குடுத்துடுங்க."

மிசாவோ கையேட்டை மறுபடி விரித்து, இந்தத் தடவை வேண்டுமென்றே தப்பாக எண்ணத் தொடங்கினாள்.