எண்பத்தாறு ஹிந்தி வார்த்தைகள்

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நடந்தது இது. இடம், திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே டைம் ஆபீஸில் எனக்கு வேலை. யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் வரவில்லை, எந்த மெஷினில் எத்தனை பீஸ் ஓடியது என்று எழுதி வைக்க வேண்டும். முப்பத்துநான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருந்தால் எரிச்சல் வருகிறது என்றேன். எரிச்சல் தனக்குத்தான் வருகிறது என்றாள் என் மனைவி. என்னிடம் படித்த ஒருவர் அந்தக் கம்பெனியை நடத்துகிறார். அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

எதையும் எண்ணிக்கொண்டிருப்பது என் சுபாவம். மாடிக்கு இருபத்துமூன்று படி. மேலே பதினான்கு ஃபேன், ஓடுவது ஒன்பது. எனக்கு டீ ஆறிப்போய் வருவது வாரத்தில் நான்கு நாள். தைக்கிறவர்கள் நாற்பத்தெட்டுப் பேர், அதில் முப்பத்தொரு பேர் பீகார், ஜார்கண்ட் பக்கமிருந்து வந்தவர்கள். அவர்களிடம் தமிழில் கத்திக் கத்தித் தொண்டை வலித்ததுதான் மிச்சம். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அவர்களை அழைத்து வந்த ஏஜென்ட் வரும்போதெல்லாம் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி, வரிசை எண் போட்டேன். இரண்டு வருடத்தில் எண்பத்தாறு வார்த்தைகள் சேர்ந்தன.

முதலாளிக்கு ஒரே பெருமை. யார் வந்தாலும், “நம்ம வாத்தியாருக்கு ஹிந்தி தண்ணி பட்ட பாடுங்க. ஊட்டுக்காரம்மாகிட்டக்கூட ஹிந்திலதான் சண்டை போடறாருங்க” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் அந்தப் பெருமையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று காலை ஒன்பது இருபதுக்கு ஓவர்லாக் தைக்கிற ஓர் இளைஞர் என் மேஜைக்கு முன் வந்து நின்றார். வயது இருபத்தைந்து இருக்கும். எங்களிடம் சேர்ந்து மூன்று வருடம். தாமதமாக வந்தது மொத்தம் இரண்டே நாள். கையில் செல்போன் இருந்தது. உள்ளே போன் கொண்டுவரக் கூடாது என்பது கம்பெனி சட்டம். அதைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர் பேசினார். ஏழெட்டு வாக்கியம் இருக்கும், ஒரே மூச்சில். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே வார்த்தை. சுட்டி. லீவு என்று அர்த்தம். என் நோட்டில் நாற்பத்தோராவது வார்த்தை. ஷிப்மெண்ட் நெருக்குகிற அந்த வாரத்தில் மட்டும் பத்தொன்பது பேர் லீவு கேட்டிருந்தார்கள். பத்தொன்பது பேருக்கும் சொன்ன பதிலையே இவருக்கும் சொன்னேன்.

“சுட்டி நஹி. ஜாவோ, காம் கரோ.”

லீவு இல்லை, போய் வேலையைப் பார் என்று. அவர் போகவில்லை. போனை என் முகத்துக்கு நேராக நீட்டி மறுபடியும் எதையோ சொன்னார். அந்தப் போனைப் பிடுங்கி மேஜை டிராயருக்குள் போட்டேன். பேசாதே என்பதற்கும் என் நோட்டில் வார்த்தை இருந்தது. அதையும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தமிழில், “சரிங்க” என்றார். மெஷினுக்குப் போய்விட்டார்.

அந்தச் ‘சரிங்க’ எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மரியாதை தெரிந்த பையன் என்று நினைத்துக்கொண்டேன். டிராயருக்குள் போன் நான்கு முறை அடித்து ஓய்ந்தது. எண்ணினேன். எடுக்கவில்லை.

பதினொன்று ஐந்துக்கு டீ இடைவேளை. செக்கிங் டேபிளில் வேலை செய்யும் ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. மண்ணரைப் பகுதியில் பத்து வீட்டுக்கு ஒரு குழாய் உள்ள லைன் வீட்டில் குடியிருந்தாள். அந்தப் பத்து வீட்டில் ஆறில் வடக்கத்திக்காரர்கள்.

“சார், அந்தப் பையன் போனை வாங்கி வச்சிருக்கியளாமே?”

“உள்ள போன் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா கண்ணு?”

“அது கெடக்கட்டும். அவன் பொண்டாட்டிக்கு ஊர்ல புள்ள பொறந்து அஞ்சு நாளு. ரெத்தம் நிக்க மாட்டேங்காம். ஆஸ்பத்திரில கொண்டு போட்டிருக்காவ. பொழைக்கது கஷ்டம்னு அவன் அண்ணன்காரன் காலம்பற போன் பண்ணியிருக்கான். பதினொன்னே முக்கா ரயிலுக்குப் போவணும்னு உங்ககிட்டதான சார் வந்து சொன்னான்?”

“எங்கிட்ட லீவு கேட்டான்.”

“எதுக்குன்னு சொன்னானா இல்லியா?”

“சொல்லியிருப்பான்.”

“நோட்டுப் போட்டுப் படிச்சியளே சார். இது உங்க நோட்டுல இல்லியாக்கும்?”

எழுந்தேன். இருபத்துமூன்று படியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அன்று எண்ணவும் இல்லை. கீழே முதலாளி இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “அட, என்னங்க இது! நம்ம குட்டியானை வண்டியிலயே கொண்டுபோய் ஏத்தி உடுங்க. நீங்களும் கூடப் போங்க வாத்தியாரே, உங்களுக்குத்தான பாஷை தெரியும்” என்றார்.

டிரைவருக்கும் எனக்கும் நடுவில் அந்த இளைஞர் நெருக்கி உட்கார்ந்திருந்தார். போனைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். ஊருக்குப் போட்டுக்கொண்டே இருந்தார், யாரும் எடுக்கவில்லை. ஏதாவது பேச வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். வா, போ, சீக்கிரம், எவ்வளவு, ஏன் லேட், நூல் அறுந்தது, அளவு சரியில்லை, சத்தம் போடாதே. எண்பத்தாறையும் இரண்டு முறை பார்த்தேன். பயப்படாதே என்று அதில் இல்லை. உன் மனைவி பெயர் என்ன என்று கேட்க வழியில்லை. பல்லடம் ரோட்டில் தீபாவளிக் கூட்டம். நின்ற இடங்கள் ஏழு.

ஸ்டேஷனுக்குள் ஓடும்போது மணி பதினொன்று ஐம்பத்தேழு. பிளாட்பாரம் காலியாக இருந்தது. பன்னிரண்டு நிமிடத் தாமதம். அவர் ஊர்ப் பக்கம் போகும் அடுத்த ரயில் மறுநாள் அதே நேரத்துக்கு.

அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தப்பு என்பதற்கு ‘கல்தி’ என்று என் நோட்டில் ஐம்பத்தெட்டாவதாக எழுதியிருந்தேன். உன் தப்பு என்று சொல்ல எனக்கு நன்றாக வரும், தினமும் நாலு பேரிடம் சொன்னதுதான். என் தப்பு என்று சொல்வது எப்படி என்று ஏஜென்டிடம் கேட்டு எழுதிக்கொள்ளத் தோன்றியதே இல்லை. தமிழிலேயே சொன்னேன்.

“தப்புப் பண்ணிட்டேன் சாமி.”

அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. என் பக்கம் திரும்பி, “சரிங்க” என்றார்.

மூன்று வருடத்தில் எங்கள் கம்பெனி அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்த தமிழ் அவ்வளவுதான். அன்று காலை பிடித்திருந்த அந்த வார்த்தையை அதற்குப் பிறகு என்னால் நிம்மதியாகக் கேட்க முடிந்ததில்லை. கம்பெனிக்குத் திரும்பலாம் என்று சாடை காட்டினேன். மாட்டேன் என்று தலையாட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் பெஞ்சைக் காட்டி “பைட்டோ” என்றேன். உட்கார் என்று. சொன்னபடி உட்கார்ந்தார். மறுநாள் ரயில் வரும்வரை அங்கேயே இருந்தாராம்.

ஐந்தாம் நாள் அந்தச் செக்கிங் பெண் வந்து சொன்னாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. தாய் போய்விட்டாள். அவர் ஊர் போய்ச் சேர்ந்தது காலையில், எரித்து முடித்தது அதற்கு முந்தின நாள் சாயங்காலம். முந்தின ரயில் கிடைத்திருந்தால் முகத்தையாவது பார்த்திருப்பார். இந்தக் கணக்கை எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். விடை மாறவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டைத் திறக்காமல் நோட்டை எடுத்து வைத்து வகை பிரித்தேன். எண்கள் இருபத்திரண்டு. ஏவல்கள் இருபத்தொன்பது. திட்டும் மறுப்பும் பதினான்கு. துணி, நூல், மெஷின் சம்பந்தப்பட்டவை இருபத்தொன்று. கூட்டினால் எண்பத்தாறு. சரியாக இருந்தது. எனக்குத் தெரிந்ததாக ஊரெல்லாம் சொன்ன ஹிந்தி இதுதான்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி, “ஹிந்திய மட்டும் ஏனுங்க கொறை சொல்றீங்க? இந்த ஊட்டுல தமிழ்லயும் அதே எம்பத்தாறுதானுங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

என்ன ஆச்சு என்று எப்படிக் கேட்பது என்று அந்தச் செக்கிங் பெண்ணிடமே கேட்டேன். “க்யா ஹுவா” என்று சொல்லிக் கொடுத்தாள். “நீ எப்படிம்மா இவ்வளவும் படிச்ச?” என்று நான் கேட்டதற்குச் சிரித்தாள். “நான் எங்க சார் படிச்சேன்? கொடம் நெறையுத மட்டும் நின்னு பேசிக்கிட்டிருப்போம். அவ புள்ளைக்குக் காய்ச்சல்னா நான் கேப்பேன், எம்புள்ளைக்குன்னா அவ கேப்பா. நீங்க நாக்காலில உக்காந்துல்லா படிச்சிய?” எண்பத்தேழாவது வார்த்தையாக ‘க்யா ஹுவா’வை எழுதிக்கொண்டேன்.

அந்த இளைஞர் பிறகு திருப்பூருக்கு வந்துவிட்டார், வேறு கம்பெனியில் தைக்கிறார் என்று கேள்வி. எங்கள் கம்பெனி இருக்கும் ரோட்டுக்கே வருவதில்லையாம்.

போன மாதம் எங்கள் மாடியில் புதிதாகச் சேர்ந்த ஒரு வடநாட்டுப் பெண் மெஷின் முன்னால் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று முறை துடைத்ததைப் பார்த்தேன். பக்கத்தில் போய், குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்து, “க்யா ஹுவா?” என்றேன்.

அவள் திடுக்கிட்டு எழுந்து நின்றாள். தைத்து வைத்திருந்த பண்டலை அவசரமாக எடுத்து என் முன்னால் நீட்டினாள். “சரிங்க, சரிங்க” என்று இரண்டு முறை சொன்னாள். உட்கார்ந்து மெஷினை முன்னைவிட வேகமாக ஓட்ட ஆரம்பித்தாள். பக்கத்து மெஷின்களில் பேச்சு நின்றது.

நான் என் மேஜைக்குத் திரும்பி வந்தேன். அந்த எண்பத்தேழாவது வார்த்தையை யார் சொன்னாலும் அது ஒரு விசாரிப்புதான், ஆனால் முன்னால் எண்பத்தாறு வார்த்தைகளைச் சொல்லிவிட்ட வாயிலிருந்து வரும்போது அதுவும் ஓர் அதட்டலாகவே போய்ச் சேர்கிறது என்பதை எழுபத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன், இனி அதைத் திருத்த எனக்கு எத்தனை வருடம் மிச்சம் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கத் துணிவில்லை.