கையில் கிள்ளிய புல்

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தார் அந்தப் பச்சிலை வைத்தியர். ஒல்லியான ஆள். இலைச்சாறு ஏறிக் கறுத்துப்போன விரல்கள். மருந்து கேட்டு வருகிறவர்களின் முகத்தை அவர் பார்க்கவே மாட்டார். கையைத்தான் பார்ப்பார்.

"மஞ்சக்காமாலைக்கு மருந்து வேணுங்க" என்றேன்.

என் நகங்களைப் பார்த்தார். காலையில் மாரியம்மன் அபிஷேகத்துக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்த கை அது. நகமெல்லாம் மஞ்சளாக இருந்தது. அவர் எதுவும் கேட்காமல் கீழாநெல்லியை அரைத்து உருட்டி வாழையிலையில் கட்டினார்.

"உங்களுக்குங்கறதால தர்றேனுங்க. வேற ஆருக்காச்சும் கேட்டு வந்திருந்தா தந்திருக்க மாட்டேன்."

"ஏனுங்க?"

"கையில என்னன்னு பாருங்க."

காத்திருந்த நேரத்தில் வேலியோரப் புல்லைப் பிடுங்கித் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நோயாளிக்காக வர்றவங்க புல்லைக் கிள்ளிட்டு நின்னா அந்த நோயாளி பொழைக்கறதில்லீங்க. எங்கப்பா காலத்துல இருந்து பாக்கறேன்."

நான் போனது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரருக்காக. அதைச் சொல்லாமலே பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். கையிலிருந்த புல்லை உதறிவிட்டு பஸ் ஏறினேன்.

பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: என் நகத்தைப் பார்த்து ஏமாந்த மனுஷன் புல்லைப் பார்த்தும் ஏமாந்திருக்கலாமே.

என் நகத்தில் மஞ்சள் போய்விட்டது. வீட்டுக்காரர் நகத்தில் இன்னும் போகவில்லை.