கழுத்து வரை வந்த மயில்

பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவதுதான் என் பிழைப்பு. ஒரு வாரமாக முந்தானை ஃபைலைத் திறந்தால், மயில் கழுத்து வரை வந்ததும் திரை அப்படியே உறைந்துவிடுகிறது.

கிராபிக்ஸுக்கு மெமரி போதவில்லை என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னார்கள். நேற்று செட்டிங்கில் போய் நானே அதைக் கூட்டிவிட்டேன். இன்று காலை சாஃப்ட்வேரே திறக்கவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து சர்வீஸ் கடைக்கு ஓடினேன். கடைத் தம்பி செட்டிங்கைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, இதுல கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாது. இருக்கற ரேம்லேர்ந்துதான் அதுவும் எடுத்துக்குது. நீங்க பாதிய அதுக்கே குடுத்துட்டீங்க. மிச்சத்துல சாஃப்ட்வேர் எப்படி ஓடும்?"

தறியின் அகலம் மாறாது, புடவையில் கரையைப் பெரிதாக்கினால் உடல் பகுதி குறையும். கல்யாணப் புடவைக்கு வரும் பெண் வீட்டாருக்கு இதைத் தினமும் விளக்குபவள் நான்.

"ரேம் சேத்துப் போட்டுடுப்பா."

"போர்டோடயே ஒட்டி வந்திருக்குதுக்கா. வேற லேப்டாப்தான் வழி."

பழையபடி மாற்றிக் கொடுத்தார். ஃபைலைத் திறந்தேன். மயில் வந்தது. கழுத்தோடு நின்றது.

அந்த நேரம் பார்த்து செவிலிமேட்டிலிருந்து நெசவுக்கார அண்ணன் போன் செய்தார்.

"தறி சும்மா நிக்குதுமா. பொண்ணு வீட்ல கேட்டுக்கினே இருக்காங்க. டிசைன் எப்போ வரும்?"

"வந்துக்கினு இருக்குதுண்ணா" என்றேன். கழுத்து வரை வந்திருப்பது உண்மைதானே.

முகூர்த்தப் புடவையில் தலையில்லாத மயில் போதும் என்கிற மணப்பெண் யாரையாவது தெரிந்தால், கமெண்டில் சொல்லுங்கள்.