எருமை முதுகில் கொக்குகள்

முன்பொரு பதிவில் ஒரே வரியில் சொல்லிவிட்ட, சுவரெல்லாம் கதை எழுதிய அந்த மூதூர்ப் பக்கத்து ஊருக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறீர்கள். நான் போனது சென்ற ஆண்டு மாசி மாதம். சமாதானம் என்று எல்லோரும் வாயால் சொல்லிக்கொண்டிருந்த கடைசி மாதங்கள் அவை. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு, வாசித்தால் விளங்கும்.

நண்பன் ஒருவன் மின்னஞ்சலில் ஒரு படம் அனுப்பியிருந்தான். எறிகணை, எங்கள் பேச்சில் செல், விழுந்து பாதி இடிந்த வீட்டுச் சுவரில் ஒரு கறுத்த எருமை. முதுகில் வரிசையாகப் பிள்ளைகள். ஆசை ஆரை விட்டது? அடுத்த கிழமையே புறப்பட்டுவிட்டேன்.

திருகோணமலை இறங்குதுறையில் காலை ஏழரைக்கு லோஞ்சு. ஆளுக்கு ஐம்பது ரூபாய். கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒன்றேகால் மணித்தியாலம் பிடிக்கும். முன்பக்கம் இருந்து தலை முதல் கால் வரை நனைந்தவன் சொல்கிறேன், பின்பக்கம் இருங்கள். மூதூரில் றொட்டியும் சம்பலும் பிளேன்ரீயும் முப்பத்தைந்து ரூபாய். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு சம்பல். அங்கிருந்து றபீக் நானாவின் ஓட்டோ, எண்ணூறு கேட்டு அறுநூறுக்கு இறங்கினார். கட்டைபறிச்சானுக்கு ஐந்து கிலோமீற்றர். அங்கே இராணுவத்தின் சோதனைச் சாவடி, சற்றுத் தள்ளி மற்றப் பக்கத்தாரின் சாவடி. இரண்டிலும் பெயர், ஊர், வந்த காரணம். "சுவரில் கீறின படம் பார்க்க" என்றேன். முதல் சாவடிக்காரர் சிரித்தார். இரண்டாம் சாவடியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"தம்பி, பாத்திட்டுச் சுறுக்கா வந்திருங்க. நாள் சரியில்ல," என்று நானா ஊர் முகப்பு வேம்பின் கீழ் ஓட்டோவை நிறுத்திக்கொண்டார்.

முதல் வீட்டு வாசலில் நகுலேசன் அண்ணை பெயின்ற் குழைத்துக்கொண்டிருந்தார். முந்தி மூதூரில் கடைப் பலகையும் வள்ளத்து இலக்கமும் எழுதியவர். சண்டைக்கு ஓடிய சனம் அகதி முகாம்களில் இருக்க, இந்த ஊர் பத்து வருடம் ஆளில்லாமல் பற்றைக்காடாய்க் கிடந்தது. அவர்தான் முதல் ஆளாகத் திரும்பி வந்து, தன் வீட்டுச் சுவரில் ஒரு கதையைத் தொடங்கியிருக்கிறார். எருமை ஒன்று அக்கரையில் நல்ல புல் இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கடலில் இறங்குகிறது. வழியில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் ஏற ஏற, அதன் முதுகு நீண்டுகொண்டே போகிறது.

"முகாமுக்குப் போய்ப் பிள்ளையளுக்குச் சொன்னனான், 'உங்கட வீட்டுச் சுவருக்கு எருமை வந்து நிக்குது, நீங்கள் வந்தாத்தான் ஏத்தும்' எண்டு. பிறகென்ன, அதுகள் தாய் தேப்பனை நித்திரை கொள்ள விடேல்லை," என்றார். வந்த குடும்பத்தின் பிள்ளைகளை, அந்தந்த முகத்தோடு, அந்தந்த வீட்டுச் சுவரிலேயே ஏற்றிவிட்டார். இருபத்தாறு குடும்பம் அப்படி வந்து சேர்ந்ததாம்.

படம் எடுக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "சுவரில தெரியிறதை மட்டும் எடுங்கோ."

நான் எங்கே அதைக் காதில் வாங்கினேன்! கமராவும் கையுமாய் நடந்தேன். எருமை முதுகில் சின்னஞ்சிறுசுகள், இடைக்கிடை வெள்ளைக் கொக்குகள். ஒரு வீட்டில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. எருமை என்றால் கொக்கு இருக்கத்தானே வேண்டும், மனுசன் என்ன கவனமாய்க் கீறியிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டு எண்ணிக்கொண்டே போனேன். பதினேழு வரை எண்ணினேன்.

கடைசிக்கு முந்திய வீட்டில் எருமையின் நடு முதுகை மறைத்து ஒரு பன்பாய் தொங்கியது. காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு கையால் தூக்கிப்பிடித்து மற்றக் கையால் படம் எடுத்தேன். பாய்க்குப் பின்னால் கொக்கு இல்லை. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெட்டை, வாய் நிறையச் சிரித்தபடி.

"ஐயோ தம்பி, விடுங்கோ! விடுங்கோ பாயை!" குசினிக்குள்ளிருந்து ஓடிவந்த பெண், தவமணி அக்கா, என் கையைத் தட்டிவிட்டார். சத்தம் கேட்டு நகுலேசன் அண்ணையும் வந்துவிட்டார்.

அவர்தான் சொன்னார். திரும்பவும் சண்டை வரும் என்ற கதை வந்ததும், சண்டை பிடிக்க வீட்டுக்கு ஓராள் கேட்டு வரத் தொடங்கியிருக்கிறார்கள். யார் என்று எழுதமாட்டேன். "முந்தியெண்டா ஊர் விதானையிட்டக் கேட்டு, பதிவு பாத்து வரவேணும். இப்ப தெருவால நடந்தாக் காணும். எந்த வீட்டில எத்தினை, எவ்வளவு வளத்தி எண்டு நான் எல்லே சுவரில எழுதி வைச்சிருக்கிறன், விசரன்!" பதினாலு வயதைத் தாண்டிய பிள்ளைகளை ஒவ்வொன்றாக அழித்து, அந்த இடத்தில் கொக்கைக் கீறி வருகிறார். நான் ரசித்து எண்ணிய பதினேழும் பதினேழு பிள்ளைகள்.

தவமணி அக்காவுக்குப் படத்திலிருந்த அந்தக் கலா ஒன்றே ஒன்று. அந்த மாசியில்தான் பதினாலு முடிந்தது. தன்னை அழிக்கக்கூடாது என்று பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அதனால்தான் பாய்.

படத்தை அவர்கள் கண்முன்னே கமராவிலிருந்து அழித்தேன். மன்னிப்பும் கேட்டேன். தவமணி அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். நகுலேசன் அண்ணையைப் பார்த்து, "வாற ஆளெல்லாம் பாயைத் தூக்கிப் பாக்கினம். இனி வைச்சிருக்க ஏலாது. இண்டைக்கே அழிச்சுவிடுங்கோ அண்ணை," என்றார்.

எவ்வளவு வெட்கமாய் இருந்தது தெரியுமா! ஒரு படத்துக்கு ஆசைப்பட்டு வந்து, அந்த வீட்டின் கடைசிப் பிடிவாதத்தையும் முடித்துவைத்தேன். சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக் கொடுத்ததும் நான்தான். கலா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் போனது, பின்னல் போனது. ஈரச் சுண்ணாம்பின் மேல் கொக்கின் கழுத்து வந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"மாமா, அதுக்கு ரெட்டைப் பின்னல் போடலாமோ?"

"ஏலாது பிள்ளை," என்றார். திரும்பிப் பார்க்காமல் கீறிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி லோஞ்சில் திரும்பினேன். செலவு, போக வர எல்லாமாக எழுநூற்று முப்பத்தைந்து ரூபாய்.

இனி உங்கள் கேள்விக்கு. இப்போது அங்கே போகமுடியாது, முயற்சியும் செய்யவேண்டாம். அதன்பிறகு சில மாதங்களில் செல்லடி தொடங்கி ஊர் மறுபடி காலியானது. சனம் ஈச்சிலம்பற்று வழியாக வெருகல் தாண்டிப் போனது என்று றபீக் நானா தொலைபேசியில் சொன்னார். கலாவைத் தாயோடு கண்டவர் ஒருவரும் அவருக்கு அகப்படவில்லை. சுவரில் எண்ணிப் பார்த்துப் பிடிப்பதற்கு இனி அந்தத் தெருவில் பிள்ளைகள் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சண்டை நடக்கும் இடங்களுக்கு இனிமேலும் போகிறவர்கள், மூடியிருப்பதைத் திறந்து படம் எடுக்காதீர்கள்.

முகாம்களில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் ஓர் உதவி. ஒற்றைப் பிள்ளையோடு ஒரு தாய், பிள்ளைக்கு இப்போது பதினைந்து வயது, இரட்டைப் பின்னல். கண்டால் பெயரும் வேண்டாம், முகாமும் வேண்டாம். 'கொக்கு ஒன்றைக் கண்டேன்' என்று கீழே ஒரு வரி போடுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் வந்து பார்ப்பேன்.