பக்கத்து சீட்டு ஏர்பேக்

அனைவரின் மேலான கவனத்திற்கும் பணிவுடன் அறிவிக்கப்படுவது: இது நடந்தது. கைச்சரக்கு எதுவும் இல்லை. நாள், செவ்வாய்க்கிழமை. நேரம், பட்டப்பகல் ஒன்றரை மணி. பேய்க்கும் ஆபீஸ் நேரம் உண்டு, அது ராத்திரிதான் என்று நினைத்து மதியத்தில் நிம்மதியாக இருப்பவர்கள் அவசியம் படிக்கவும்.

நடந்தது சுற்றறிக்கைக்கு. பெரிய அலுவலகம் ஒன்றில் நிர்வாகப் பிரிவுத் தலைவர். வீட்டில் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூட "மேற்படி உணவு தொடர்பாக" என்று ஆரம்பிப்பார். அதற்காக மனைவி சூட்டிய பெயர் அது.

போன புதன்கிழமை காலை 7:40. ஆபீஸ் போகும்போது மழையில் வண்டி சறுக்கி, காரை ஒரு மதில்சுவரில் கொண்டுபோய்ச் சாத்தினார். அவர் மேல் ஒரு கீறல் இல்லை. காரின் மூஞ்சிதான் சப்பை. இன்ஷூரன்ஸ் வந்தால் ரிப்பேர். வராவிட்டால் நேரே காயலான் கடை. படிவத்தில் 'உடன் பயணித்தவர்கள்' என்ற இடத்தில் 'எவருமில்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"மூணாவது கோட்டுக்கு மை தீந்துபோச்சா?" என்றாள் மனைவி.

சர்வேயர் நேரில் வரவில்லை. எல்லாம் வீடியோ கால்தான். காரின் சொந்தக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்ற வேண்டும். சர்வேயர் அங்கிருந்தே சேதத்தைக் குறித்துக்கொள்வார்.

செவ்வாய் மதியம் 1:31. ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மெக்கானிக்கும் "பத்து நிமிஷம் சார்" என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்.

"டிரைவர் சீட்ல உக்காந்து உள்பக்கம் காட்டுங்க சார்... ம்... பக்கத்துல யாரு இருந்தாங்க?"

"எவருமில்லை. படிவத்தில் தெளிவாகக் குறிப்பிட்டுள்ளேன்."

"ரெண்டு ஏர்பேக்கும் விரிஞ்சிருக்கே? உங்க மாடல்ல ஆள் உக்காராம அந்தப் பக்கம் விரியாது."

"ஆபீஸ் பை வைத்திருந்தேன்."

"பை பெல்ட் போட்டுக்குமா சார்?"

திரும்பிப் பார்த்தார். பக்கத்து சீட்டின் பெல்ட் மாட்டியிருந்தது. அது சீட்டோடு படியவில்லை. இடையில் ஒரு சாண் வெற்றிடம். ஆள் உட்கார்ந்தால் நிற்குமே, அப்படி விம்மி நின்றது.

"தப்பா எழுதினா க்ளெய்ம் போயிடும் சார். வழியில யாரையாவது ஏத்தினீங்களா?"

"ஏற்றவில்லை!"

ஏற்றவில்லை. அதுதான் விஷயம்.

விபத்து நடந்த அந்தப் புதன்கிழமை காலை 7:12. பாலத்துக்குக் கீழே கூட்டம். ஸ்கூட்டர்காரர் ஒருவர் ரத்தத்தில் கிடந்தார். ஒரு பெண் ஓடிவந்து கார் கண்ணாடியைத் தட்டினாள். "சார், ஆஸ்பத்திரி வரைக்கும் மட்டும்..."

"சட்டச் சிக்கல் வரும்மா. வண்டியில இடமும் இல்ல" என்றார் சுற்றறிக்கை, காலி வண்டியில் உட்கார்ந்துகொண்டு. ஹெல்மெட்டின் அவசியம் பற்றி இரண்டு வாக்கியம் அருளிவிட்டுக் கிளம்பினார்.

1:38.

"ஏர்பேக்கக் கிட்ட காட்டுங்க சார்."

வெள்ளைத் துணியில் பழுப்புக் கறை. நெற்றி... மூக்கு... திறந்த வாய்.

விரலால் தொட்டார். ஆறு நாள் கழித்தும், ஈரம்.

"சார்... அங்க யாரோ மூச்சு வாங்குறாங்க."

"இங்கே நான் மட்டும்தான்..."

பெல்ட் மெல்ல மேலே எழுந்தது. இறங்கியது. எழுந்தது... இறங்கியது...

ஹ்ர்ர்ர்... ஹ்ர்ர்ர்...

போன் கட்டானது. 1:41.

டக்!

நாலு கதவும் பூட்டிக்கொண்டன. பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள். கண்ணெதிரே கிடந்தது.

கதவை இழுத்தார். வரவில்லை.

பெல்ட் அவர் பக்கம் திரும்பியது.

வாயில் 'மேற்படி' வரவில்லை. 'தொடர்பாக' வரவில்லை.

"இடம் இருக்கு..." என்றார். "தம்பி... இடம் இருக்கு..."

பக்கத்து சீட்டில் மூச்சு நின்றது.

1:43-க்கு மெக்கானிக் வந்து ஷட்டரைத் தூக்கினார். கதவு சாதாரணமாகத் திறந்தது. "என்ன சார், இப்படி வேர்த்து ஊத்துது? ஃபேன் போட்டிருக்கலாம்ல?"

இரண்டு நாள் கழித்து, காரிலிருந்த பதிவுப் பெட்டியின் விவரத்தை சர்வேயர் அனுப்பினார். பக்கத்து சீட்டு பெல்ட் மாட்டப்பட்ட நேரம் 7:12. கழற்றப்பட்ட நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

சுற்றறிக்கை பாலத்தடிக்குப் போய் விசாரித்தார். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாம். ஸ்கூட்டர்காரர் 7:40 வரை உயிரோடு இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரி அங்கிருந்து எட்டு நிமிஷம்.

அன்றே படிவத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். உடன் பயணித்தவர்கள்: ஒருவர். பெயர்: தெரியாது.

க்ளெய்ம் பத்தே நாளில் பாஸாகிவிட்டது.