காய்ச்சிய தண்ணீர்

நர்சிங் கல்லூரி முதல்வரான பிறகு நான் தொடங்கிய முதல் ஆராய்ச்சி, ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளின் குடிநீரைப் பற்றியது. ஒரு பக்கம் உரம் தின்னும் ரோஜாத் தோட்டங்கள், மறுபக்கம் கக்கூஸ் குழிகள், நடுவில் எல்லாருக்கும் ஒரே போர்வெல். சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க என்னோடு வந்த மாணவிகள் வீட்டுக்கு வீடு ஒரு புத்திமதியும் சொன்னார்கள்: "தண்ணியக் காய்ச்சிக் குடிங்க." நான் பழக்கிய பாடம். முடிவு வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க எங்கள் தொழிலில் யாருக்கும் தெரியாது.

கடைசி வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு மாதக் குழந்தை. கம்பெனி ஷிஃப்டுக்குத் திரும்ப வேண்டுமென்று, தண்ணீரில் பவுடர் கரைத்துப் புட்டிப்பால் பழக்கியிருந்தாள். "எவ்ளோ நேரம் காய்ச்சணும் மேடம்?" என்று கேட்டாள். அப்படிக் கேட்கிறவர்கள் அபூர்வம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எவ்ளோ கொதிச்சாலும் நல்லதும்மா" என்றேன்.

முடிவு வந்தது. கிருமி இல்லை, நைட்ரேட் இருந்தது. உரத்திலிருந்தும் குழியிலிருந்தும் இறங்குகிற உப்பு அது. காய்ச்சினால் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் ஏறும். அதைக் குடித்தால் கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரிக்கும். இதையும் வகுப்பில் நடத்துகிறவள் நான்தான். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றே ஓடினேன். முந்தின நாளே குழந்தையை உதடு நீலமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டாக்டரிடம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். குழந்தை பிழைத்துக்கொண்டது.

வார்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் தப்புதான் மேடம். அன்னிக்கு கேஸ் தீந்துபோச்சு. சரியா கொதிக்கறதுக்குள்ள எறக்கிட்டேன்."

அவளுடைய மாமியார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. பின்னால் என்னோடு வந்த ஆறு மாணவிகள். முதல்வர் கௌரவம் தடுத்தது. "இனிமே கேன் தண்ணியே குடும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது அவள் மட்டும் இருந்தாள். தண்ணீர் காய்ச்சக்கூடத் தெரியாதவளிடம் பிள்ளையை விடமாட்டேன் என்று மாமியார் மலைமேல் இருக்கும் தன் ஊரான நாட்றாம்பாளையத்துக்குத் தூக்கிப் போயிருந்தார். நான் மலையேறிப் போய் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி பொறுமையாகக் கேட்டார்.

"அவளக் காப்பாத்தறதுக்குச் சொல்றீங்க" என்றார். "தண்ணியக் காய்ச்சுனா கெடுதல்னு எந்த நர்சம்மாவாவது சொல்லுவாங்களா?"