டைல்ஸ் பதிக்கிற கை

நான் கொத்தனார். டைல்ஸ் பதிக்கிற வேலை. மேலப்பாளையத்தில் நான் வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் ஊர் மாறிப் போகும்போது, அவர்களுடைய கடல்நீர் மீன்தொட்டியை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே, கடலில் வளர்கிற பவளம் ஒன்று இருந்தது. பூப்பூவாக விரியும். இந்தக் கோடையில் அது வெளுத்து அழுக ஆரம்பித்தது. உயிரோடு இருந்த மூன்று பூவை மட்டும் வெட்டி எடுத்து, அதுவாவது பிழைக்கட்டும் என்று பசை தடவித் தொட்டிக்குள் வேறொரு கல்லில் ஒட்டினேன். கைப்பழக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திவிட்டேன். மூன்றும் சுருங்கிக்கொண்டன.

“டைல்ஸா ஒட்டுதீய? அதுக்கு உசுரு இருக்குல்லா,” என்றாள் மனைவி.

கொன்றுவிட்டோமோ என்றுதான் மனசில் ஓடியது. இரண்டு நாள் எழுந்ததும் தொட்டியைத்தான் பார்த்தேன். விரியவில்லை.

மூன்றாம் நாள் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் தரை போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி போன் செய்தாள். எடுக்கவே பயமாக இருந்தது.

“ஒண்ணு விரிஞ்சிட்டு.”

“மத்த ரெண்டு?”

“அதுவும் விரியும். நீங்க வந்து அமுக்காம இருந்தாச் சரி.”

சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மற்ற இரண்டும் இன்னும் மூடித்தான் இருந்தன.